நிழற்படத் தாள் புகாமை: காரணமும் பரிகாரமும்

நோயின் காரணத்தை நாடாது மருந்திடுவோன் நோயையும் வளர்த்து மருந்தையும் இழப்பான். இவ்வுண்மை மனித உடலுக்கு மாத்திரமன்று, மனிதர் சமைத்த பொறிகளுக்கும் ஒக்கும். இந்நாளிற் பல இல்லங்களிற் காணப்படும் இங்க்ஜெட் பிரிண்டர், நுண்ணிய மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் ஒரு சிறு பொறியாகும். சாதாரணத் தாளை நாடோறும் இடரின்றி ஏற்கும் அப்பொறி, பளபளப்பான நிழற்படத் தாளைக் கண்டவுடன் தன் குணம் மாறுகின்றது. சிலபோது தாளைத் தொடாது வாளா சுழலும். சிலபோது இரண்டு மூன்றை ஒருங்கே இழுக்கும். சிலபோது கோணலாக ஈர்த்து நடுவழியிற் சிக்கவைக்கும். உடனே நாம் பொறி பழுதாயிற்றென்று கூறிவிடுகின்றோம். பெரும்பாலும் பழுது பொறியிலில்லை. தாளும் பொறியும் பொருந்தாமையிலேயே உள்ளது.

இதனை யான் கற்றது இழப்பினாலேயாம். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து அடைமழையில் எம் பாட்டியார் நோயுற்றுப் படுக்கையிலிருந்தார். மறைந்த பாட்டனாரின் படத்தைப் பெரிதாக்கித் தரும்படி என்னைக் கேட்டார். கண்ணொளி மங்கிய அவருக்குக் கைப்பேசியிற் காட்டும் படம் விளங்கவில்லை. சுவரிலிருந்த பழைய படத்தையோ செல் அரித்துவிட்டது. அதன் நகலொன்று மாத்திரம் கணினியில் இருந்தது. முந்திய கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வாங்கி, பிரித்தபடியே வைத்திருந்த உறையில் ஏழு தாள்கள் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஆறினை ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுத்தேன். ஒன்று புகாதிருக்க, வலிந்து தள்ளினேன், மூலை மடிந்தது. இரண்டு ஒட்டிக்கொண்டு சென்று சிக்கின. ஏனைய மூன்றும் கோணியும் மை தீற்றியும் வெளிவந்தன. மழையினாற் கடைகளும் அடைத்திருந்தன. ஏழாவது தாளைக் கையிலெடுத்தபோதுதான், வலிமையை விடுத்துக் காரணத்தை ஆராய வேண்டுமென்னும் அறிவு பிறந்தது. அவ்வாராய்ச்சியின் பயனை ஈண்டு முறைப்படக் கூறுவேன்.

பொறி தாளைப் பற்றும் முறை

தாளைத் தட்டிலிருந்து எடுத்து உட்செலுத்துவது ஒரு ரப்பர் உருளை. ரோலர் என வழங்கும் அவ்வுருளை, மேலுள்ள தாளை அழுத்திச் சுழல்கின்றது. பல பொறிகளில் அதற்கெதிரே ஒரு சிறு திண்டு நின்று, அடுத்த தாள் உடன்வாராதபடி தடுக்கின்றது. ஆகவே ஈண்டு மூவகை உராய்வுகள் உள. உருளைக்கும் தாளுக்கும் இடைப்பட்டது முதலாவது. திண்டுக்கும் தாளுக்கும் இடைப்பட்டது இரண்டாவது. தாளுக்கும் தாளுக்கும் இடைப்பட்டது மூன்றாவது. இவற்றுள் முதலாவது மிக்கும், இரண்டாவது இடைநின்றும், மூன்றாவது குறைந்தும் இருப்பின், ஒரு தாளே ஒழுங்காகச் செல்லும். முதலாவது குறைந்தால் எத்தாளும் செல்லாது. மூன்றாவது மிகுந்தால் பல தாள்கள் ஒருங்கு செல்லும். இவ்வொழுங்கை மனத்திற் கொண்டார்க்குப் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

தாளின் இயல்பு

நாம் எழுதப் பயன்படுத்தும் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடையுள்ளது. பளபளப்பான நிழற்படத் தாளோ பெரும்பாலும் 180 முதல் 300 கிராம் வரை இருக்கும். அவற்றுட் பலவற்றில் நடுவிலுள்ள தாளின் இருபுறமும் பாலித்தீன் படலம் போர்த்தியிருக்கும். மேற்புறத்தில் மையை உறிஞ்சுதற்கென வேறொரு பூச்சும் உண்டு. எனவே இத்தாள் கனமுடையது, எளிதில் வளையாதது, வழுக்குவது. அதன் மேற்பூச்சு மையை ஏற்பதேபோலக் காற்றின் ஈரத்தையும் ஏற்கும். இந்நான்கு இயல்புகளே எல்லா இடையூறுகளுக்கும் வித்தாகும்.

குற்றங்களும் தீர்வுகளும்

முதலாவது, தாள் புகாமை. சாதாரணத் தாளினின்று உதிரும் தூசி நாளடைவில் உருளையிற் படிந்து அதனை வழுவழுப்பாக்கும். மெல்லிய தாளை இழுக்க எஞ்சிய பிடிப்புப் போதும். கனத்த தாளுக்குப் போதாது. இதற்குப் பரிகாரம், மின்சாரத்தை நிறுத்தி, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உருளையைச் சுற்றிலும் துடைத்து உலரவிடுதலாம். பெட்ரோல் போன்றவற்றைத் தொடலாகாது. அவை ரப்பரைக் கெடுக்கும். உருளையைத் தானே துடைத்துக்கொள்ளும் ஏவலொன்று சில பொறிகளில் உண்டு; கைக்கு எட்டாதவிடத்து அதனைக் கையாளலாம்.

இரண்டாவது, பல தாள்கள் ஒருங்கு செல்லுதல். ஈரத்தினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதே மழைக்காலத்தில் இதற்குப் பெருங்காரணம். சீட்டுக்கட்டை விசிறுவதுபோல இத்தாளை விசிறுதல் தகாது. மேற்பூச்சிற் கீறல் விழும். ஓரங்களை மாத்திரம் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தல் வேண்டும். ஐயமுள்ளபோது ஒரு தாளையே வைப்பது நலம். சில பொறிகளில், தனித்தாளின் அடியில் அதே அளவான சாதாரணத் தாள்கள் சிலவற்றை வைத்தால், அஃது உருளைக்கு நன்கு எட்டும்.

மூன்றாவது, தாள் சுருளுதல். மேற்பூச்சும் நடுத்தாளும் ஈரத்தை ஒரே அளவில் ஏற்பதில்லை. ஆதலின் தாள் வளைகின்றது. வளைந்த மூலை, மை தெளிக்கும் தலையில் உராய்ந்து தீற்றுகின்றது. இதற்கு, சாதாரணத் தாளொன்றை மேலே போர்த்தி, வளைவுக்கு எதிர்ப்புறமாக மெல்லச் சுருட்டிப் பின்னர்ச் சமமாக வைத்தல் வேண்டும். எஞ்சிய தாள்களை உறையிலிட்டு, காற்றுப்புகாது மூடி, படுக்கைவாக்கில் வைப்பின் இவ்விரு குற்றங்களும் முன்னரே நீங்கும்.

நான்காவது, வழி பொருந்தாமை. முன்புறத்து அடித்தட்டில் வைக்கும் தாள் பெரும்பாலும் உள்ளே வளைந்து திரும்பியே வெளிவரும். கனத்த தாள் அத்திருப்பத்தில் முரண்டும். பின்புறத்திலும் தட்டுடைய பொறியாயின், அவ்வழியே செலுத்துதல் சிறந்தது. பின்தட்டிற் பளபளப்பான புறம் நம்மை நோக்கியிருத்தலும், அடித்தட்டில் அது கீழ்நோக்கியிருத்தலும் பொதுவான வழக்கம். ஆயினும் அவ்வப்பொறியின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது கடன். எத்துணைக் கனமுள்ள தாளை அப்பொறி ஏற்கும் என்பதும் அதிலேயே காணப்படும்.

ஐந்தாவது, கோணலாகச் செல்லுதல். தட்டின் பக்கங்களிலுள்ள காப்புகள் தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்றல் வேண்டும். இடைவெளி விட்டால் தாள் சாயும், இறுக்கினால் வளையும். 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமுமுள்ள சிறு தாளைக் குறுகிய ஓரம் முன்செல்லும்படி வைத்தலே பெரும்பான்மை.

ஆறாவது, கட்டளை பிழைத்தல். அச்சிடுமாறு கணினியை ஏவும்போது, தாளின் வகையைக் குறிக்கும் இடமொன்று உண்டு. பொறி அதனைக் கொண்டே தாளை நகர்த்தும் விதத்தையும் மையின் அளவையும் முடிவு செய்கின்றது. நிழற்படத் தாளை வைத்துச் சாதாரணத் தாளென்று குறித்தால் பொறி எவ்வாறு சரியாக உழைக்கும்? நாம் பொய் கூறிவிட்டுப் பொறியைப் பழிக்கின்றோம்.

இனி, தாள் சிக்கிக்கொண்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துக. பின்னர் மூடியைத் திறந்து, தாளை இரு கையாலும் பற்றி மெதுவாக இழுக்க. கிழிந்த துண்டொன்று உள்ளே தங்கினும், அடுத்து வரும் தாள்களெல்லாம் அங்கே தடைப்படும்.

முடிவு

இவற்றை அறிந்தபின், கெட்ட தாள்களில் மடியாத மூன்றினை மை உலர்ந்தபின் எடுத்து, அச்சிடாமலே பலமுறை பொறியிற் செலுத்திப் பார்த்தேன். உருளையைத் துடைத்தபின் அவை புகுந்தன. காப்புகளைத் திருத்தியபின் நேராகச் சென்றன. வீணாயினவென்று எண்ணிய தாள்களே எனக்கு ஆசிரியராயின. அதன்பின் ஏழாவது தாளின் வளைவை நீக்கி, பின்தட்டில் தனியே வைத்து, தாளின் வகையை உண்மையாகக் குறித்து ஏவினேன். பாட்டனாரின் முகம் நெற்றி முதலாகச் சிறிது சிறிதாக வெளிப்பட்டது. பாட்டியார் அதனை இரு கையாலும் வாங்கிக் கண்ணருகிற் பிடித்து, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

நண்பர்களே, ஆறு தாள்களைக் கெடுத்தது பொறியன்று, என் அவசரமே. இயங்காத பொருளைக் கண்டவிடத்துக் கையை ஓங்குதல் எளிது. நின்று, ஏன் இயங்கவில்லையென வினவுதல் அரிது. கல்விச்சாலையில் நாம் கற்கும் கல்வி அவ்வினாவை எழுப்பும் பொறுமையைத் தருமாயின், அது நூலகத்தில் மாத்திரமன்றி வீட்டிலும் நமக்குத் துணைநிற்கும்.