சக்கரத்தில் உரசல் சத்தமா? கழற்றும் முன் கவனியுங்கள்

வீட்டில் ஒரு குட்டி யானையோ பிக்கப்போ ஓடுகிறது என்றால், அந்த வண்டிதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. சக்கரத்தில் 'சர்ர்... சர்ர்' என்று உரசும்போது "என்னன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டால், நல்ல பேரிங்கும் சேர்ந்து மாறிவிடும். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். லாரிக்கும் இதே வழிதான்.

1. ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் ஒரு நொடி கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், அது சக்கரப் பக்கத்துச் சத்தம்.

2. பிரேக் மிதித்தால் மட்டும் 'கரகர' என்றால் லைனிங் தேய்ந்துவிட்டது. ரிவெட்டின் தலை டிரம்மைக் கீற ஆரம்பித்தால் லைனிங்கோடு டிரம்முக்கும் செலவு வரும். மழையில் நின்ற வண்டி காலையில் சற்று உரசி, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் அடங்கினால் அது வெறும் துரு. கவலை வேண்டாம்.

3. வலப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்தான் சாயும். இடப்பக்கம் வளைத்தால் இது அப்படியே மாறும்.

4. லோடு ஏற்றினால் மட்டும் உரசுகிறதா? மட்கார்டின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் பட்ட இடம் சேறு இல்லாமல் கறுப்பாகப் பளபளக்கும். ஸ்பிரிங் பட்டா உடைந்திருக்கலாம், சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவரை ஒரு கயிற்றால் அளந்து, அதே கயிற்றை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். மறுபக்கம் கயிறு நீண்டோ குறைந்தோ போனால் அன்றைக்கு லோடு ஏற்றாதீர்கள்.

5. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்து, லைனிங் கருகும் வாடையும் வந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறிய வண்டியில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஏர் பிரேக் லாரியில் ஸ்லாக் அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் இறுக்கியிருப்பார்கள், அல்லது ஏர் முழுதாக ஏறும் முன்பே வண்டியை எடுத்திருப்பார்கள். சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும். தானாக ஆற விடுங்கள். இந்தச் சூட்டை அலட்சியம் செய்தால் டயரே பற்றி எரியலாம். இருக்கிற கோளாறுகளிலேயே அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

6. ஜாக்கி போடும்போது மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஆக்ஸிலுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் டிரம்மோ டிஸ்கோ கோணியிருக்கிறது. விடாமல் உரசினால் ஷூ திரும்பவில்லை. முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

7. டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தில் திடீரென்று கீச்சென்ற சத்தம் கிளம்பினால், டிஸ்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் சிக்கியிருக்கும். மெதுவாகப் பின்னால் எடுத்தால் பல நேரம் விழுந்துவிடும்.

8. ஜோடி டயரில் உள் டயருக்குக் காற்று குறைந்தால் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். டீக்கடையில் நிறுத்தும்போது கிளீனர் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் முழுக்க இறங்கிய டயரைத்தான் அது காட்டும். கேஜ் வைத்துப் பாருங்கள். நடுவில் கல் சிக்கியிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

9. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது. சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, எதிரெதிர் நட்டுகளாக மறுபடி இறுக்குங்கள்.

10. மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போடாமல், சமதளத்தில் கியரில் விட்டு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.