மாத்திரையும் புற்றுநோய் பயமும்

"கருத்தடை மாத்திரை சாப்பிட்டா மார்பகப் புற்றுநோய் 20 சதவிகிதம் அதிகமாமே டாக்டர்?" என்று பதறும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நூற்றுக்கு இருபது பேருக்கு வரும் என்று நினைத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, எதிர்பாராத கர்ப்பத்தில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆடித் தள்ளுபடி 20 சதவிகிதம் என்றால், 'எந்த விலையில்?' என்று கேட்பீர்கள் இல்லையா? இங்கேயும் அதே கேள்விதான். நான் சித்த வைத்தியன். ஆனால் கணக்கு எல்லா வைத்தியத்துக்கும் பொதுவாச்சே!

டென்மார்க்கில் சுமார் 18 லட்சம் பெண்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கு இது. ஹார்மோன் கருத்தடை முறையை ஒரு லட்சம் பேர் ஒரு வருஷம் பயன்படுத்தினால், கூடுதலாக 13 பேருக்கு இந்நோய் வருகிறது. 35 வயதுக்குட்பட்டவர்களில் கூடுதல் 2 பேர்தான். பல வருஷம் தொடர்ந்தால் ஆபத்து சற்று கூடும். மறுபக்கம், இரு ஹார்மோன் கலந்த மாத்திரையால் சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் குறைகின்றன.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இம்மாத்திரையைத் தொடக்கூடாது. அம்மா, அக்கா, தங்கைக்கு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'என் வயதில், லட்சத்தில் எத்தனை பேருக்கு?' என்று கேட்டு முடிவெடுங்கள்.