வீட்டுக் கராஜுக்குக் கார் லிஃப்ட்

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு கராஜ் போடும் சகோதரர்கள் குழி வெட்ட நினைக்கிறார்கள். நமது நிலம் சுண்ணாம்புக் கல். மாரியில் குழிக்குள் நீர் ஊறும். சிந்திய ஒயில் அயல் கிணற்றுக்கும் போகும். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே இரண்டு கால் லிஃப்ட்டே மேல். விலை கேட்குமுன் தரையைப் பாருங்கள். கால்களைப் பிடித்திருப்பது போல்ட்டுகள்தான். குறைந்தது 4 அங்குலக் கொங்கிறீட் வேண்டும், 6 என்றால் நிம்மதி. வெறும் சீமெந்துப் பூச்சு தாங்காது. புதிதாகப் போட்டால் 28 நாள் இறுகவிட்டே துளையிடுங்கள். கூரை 12 அடியாவது இருக்கட்டும். சிங்கிள் பேஸ் மோட்டர் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். பழையது வாங்கினால் பெயின்ட்டில் மயங்காமல் கேபிளையும் பூட்டையும் பாருங்கள். இரு பக்கப் பூட்டும் விழாமல் காருக்கடியில் பையன்களை அனுப்பாதீர்கள்.