உத்தரம் தூணில் உட்காரும் இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும், கட்டடத் தீ அவ்வளவு சூடாகாது, பிறகு ஏன் இத்தனை கவலை என்று உன் அலுவலகத்தில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியே தவறு, பாப்பா. கொல்லுப்பட்டறையில் இரும்பை உருக்கியா வளைக்கிறார்கள்? பழுக்கக் காய்ச்சினால் போதும். உன் மேசையில் இருக்கும், எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 தரநூலில், 2007 பதிப்பின் 16-ஆம் பிரிவைப் புரட்டிப் பார். அதன் சூத்திரப்படி 560 டிகிரியில் எஃகின் பலம் பாதியாகிவிடும். தீக்காப்புப் பூச்சு இல்லாத மெல்லிய உத்தரம் கடுந்தீயில் அரை மணி நேரத்துக்குள்ளேயே அந்தச் சூட்டை எட்டலாம்.

பெரும்பாலோர் இதைப் படித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நீ நிறுத்தாதே. சூடேறும் எஃகு பலம் இழப்பதற்கு முன்பே நீளத் தொடங்கிவிடுகிறது. 10 மீட்டர் உத்தரம் 500 டிகிரி சூடேறினால் ஆறேழு சென்டிமீட்டர் நீளும். அந்த நீளத்துக்கு இடம் வேண்டுமே! இடமில்லையென்றால் அது தூணைத் தள்ளும், போல்ட்டை அறுக்கும், பக்கத்து உத்தரத்தை இருக்கையிலிருந்து நகர்த்தும்.

நியூயார்க்கின் உலக வர்த்தக மைய ஏழாம் எண் கட்டடத்தில் நடந்தது இதுதான். 47 மாடி. அதன்மீது விமானம் எதுவும் மோதவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரம் விழுந்தபோது சிதறியவற்றால் தீப்பிடித்தது; நகரக் குழாய் உடைந்ததால் கீழ்மாடிகளின் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் வரவில்லை. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து மாலை 5.20க்கு விழுந்தது. தூண், உத்தரம் எல்லாவற்றுக்கும் காப்புப் பூச்சு இருந்த கட்டடம் அது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2008-இல் தந்த அறிக்கையின்படி, நீண்ட தள உத்தரங்கள் விரிந்து, 79-ஆம் எண் தூணில் உட்கார்ந்திருந்த பெரிய உத்தரத்தை இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஒன்பது மாடி உயரத்துக்குப் பக்கப்பிடிப்பு இழந்த அந்தத் தூண் வளைந்து ஒடிய, கட்டடம் முழுதும் போயிற்று. இணைப்புகள் விட்டுப்போனபோது எஃகின் சூடு 400 டிகிரிகூட இல்லை என்கிறது அறிக்கை. இந்த எண்ணை மறக்காதே.

இதற்கு நேர்மாறானது லண்டனின் பிராட்கேட். 1990 ஜூனில், கட்டுமானம் முடியாத 14 மாடிக் கட்டடத்தில், ஒப்பந்தக்காரர்களின் கொட்டகை நாலரை மணி நேரம் எரிந்தது. காப்புப் பூச்சு அரைகுறை, தெளிப்பான் இயங்கவில்லை. தீயின் சூடு 1,000 டிகிரியைத் தாண்டியது. தூண்கள் சில 10 சென்டிமீட்டர் குறுகின, தளத்தைத் தாங்கிய உத்தரங்களும் எஃகுச் சட்டகங்களும் தொய்ந்தன; சட்டகங்களில் தொய்வு அரை மீட்டர் வரை போயிற்று. ஆனாலும் கட்டடம் விழவில்லை. சூடேறாத பகுதிகள் சுமையைத் தாங்கிக்கொண்டன. தொய்ந்த உத்தரங்களின் மேலிருந்த கான்கிரீட் தளமே, கம்பிகளின் இழுவிசையால், விரித்துக் கட்டிய துணிபோலச் சுமையைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பின்னர் இங்கிலாந்தின் கார்டிங்டனில் எட்டு மாடி மாதிரிக் கட்டடத்தை எரித்துச் சோதித்து உறுதி செய்தார்கள். அங்கே இன்னொன்றும் தெரிந்தது: தீ அணைந்து எஃகு குளிர்ந்து சுருங்கும்போதும் இணைப்புகள் முறிகின்றன. தீயணைப்பு வீரர்கள் உள்ளே நிற்கும் நேரம் அதுவாக இருக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு உத்தரத்தையும் தனித்தனியே எடுத்து, இத்தனை மணி நேரம் தாங்கும் என்று அட்டவணையில் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதே. அது நீண்டால் யாரைத் தள்ளும், சுருங்கினால் எதை இழுக்கும், ஒரு தூண் போனால் சுமை எங்கே போகும் என்று கேள்.

காகிதத்தில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மாட்ரிட்டின் வின்ட்சர் கோபுரத்தில் எஃகுத் தூண்களுக்குக் கீழிருந்து மேலாகக் காப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2005 பிப்ரவரியில், வேலை மேல்மாடிகளை எட்டுமுன் தீ வந்துவிட்டது. விழுந்தவை அந்த மேல்மாடிகளின் விளிம்புத் தூண்களே. நடுவிலிருந்த கான்கிரீட் கூடு நின்றது.

சைட்டுக்குப் போனால் பொய்க்கூரைக்கு மேலே ஏணி போட்டு ஏறிப் பார். ஏ.சி. குழாய்க்குக் கொக்கி மாட்ட யாராவது பூச்சைச் சுரண்டியிருப்பார்கள். அதைப் படம் எடுத்து, எழுத்தில் கொடுத்து, திரும்பப் பூசும்வரை கையெழுத்துப் போடாதே. தாமதம் என்று திட்டுவார்கள்; திட்டட்டும்.

அன்புடன்,
மாமா