சிங்கத்தின் வால்

ஏனாத்தூர்

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் வந்தது. தோழிகளோடு நான்கு நாளில் பதினோரு ஊர் பார்த்ததையும், காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோவிலை இருபது நிமிடத்தில் ‘முடித்ததையும்’ எழுதியிருந்தாய். இவ்வளவு தூரம் வந்தவள் வீட்டுக்கு எட்டிப் பார்க்காமல் போய்விட்டாய் என்று உன் அத்தை இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அதை நீயே சமாளித்துக்கொள்.

மறுபடி மறுபடி போகத் தோன்றும் ஊர்களுக்கு ஒரு பட்டியல் கேட்டிருக்கிறாய். பட்டியலெல்லாம் தர மாட்டேன். நீ முடித்துவிட்ட அந்தக் கோவிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் முதலில் போனது ஐந்தாம் வகுப்பில். கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி இருக்கிறதே, தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வர வேண்டியது, அதில் ஒரு சுற்று சுற்றினால் மறுபிறவி கிடையாது என்பார்கள். நான் ஏழு சுற்று சுற்றினேன். சட்டை கிழிந்தது. கோவில் எப்படி இருந்தது என்று ஆயா கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த முறை உன் தாத்தாவோடு போனேன். யாளிக் கரை வைத்து ஒரு புடவைக்கு ஆர்டர் வந்திருந்தது. கிராஃப் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு தூணின் முன்னால் உட்கார்ந்தார். பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். கண்ணுக்கு எத்தனை கட்டம், பிடரிக்கு எத்தனை கட்டம் என்று எண்ணி எண்ணி நிரப்பினார். தறியில் கோடு வளையாது, கட்டம்தான் படிப்படியாக வளையும். அதனால் ஒரு நகத்துக்கே கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பொழுது போகவில்லை. “போய் அடிக்கல்லையும் மேல்கல்லையும் பாரு, ஒண்ணா இருக்கா?” என்று விரட்டினார். ஒன்றாக இல்லை. அடியில் கருங்கல், மேலே மணற்கல். இராஜசிம்ம பல்லவன் கட்டி ஏறக்குறைய 1300 வருட மழையில் கருங்கல் அப்படியே நிற்க, மணற்கல் சிங்கங்களுக்கு மூக்கும் முகமும் கரைந்துவிட்டன. கரைந்த இடத்தில் பிற்காலத்தில் யாரோ சுதை பூசியிருக்கிறார்கள். பூசியவரை உன் தாத்தா மன்னிக்கவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குக் கோவில் பார்க்க வந்தது. நீயும் அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் வெயிலைக் கணக்குப் பண்ணு. கோவில் கிழக்கு நோக்கியது. திருச்சுற்றில் 58 சிற்றாலயங்கள் உள்முகமாக இருக்கின்றன. காலையில் போனால் மேற்கு வரிசையில் வெயில் விழும், மாலையில் கிழக்கு வரிசையில். ஒரே நேரத்தில் இரண்டையும் சரியாகப் பார்க்க முடியாது. சில சிற்றாலயங்களுக்குள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் பல்லவர் கால ஓவியத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் 1931-இல் அவற்றைக் கண்டறிந்து சொன்னார். அதுவரை அந்த வழியாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார். வாசலில் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரியும், பிறகு அது ஒரு முகத்தின் ஓரமாகும்.

இந்தக் கோவிலுக்கு ஏங்கியவர்களில் எனக்குப் பிடித்தவன் ஒரு பகைவன். 642-இல் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தான். அந்தப் பழி மனதில் இருக்க, அடுத்த நூற்றாண்டில் காஞ்சிக்குப் படையோடு வந்தவன் சாளுக்கியன் இரண்டாம் விக்ரமாதித்தன். எரித்திருக்கலாம், அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். கோவிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டுக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்தான். முன்மண்டபத் தூண் ஒன்றின் பின்புறம் அதைக் கன்னடத்தில் வெட்டி வைத்திருக்கிறான். தமிழ்நாட்டுக் கோவிலில், தோற்ற ஊரின் நடுவில், வென்றவன் மொழியில்! அவன் காஞ்சியை மூன்று முறை வென்றதற்காக அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் ஒரு கோவில் எடுப்பித்தாள். இன்று விரூபாட்சர் கோவில் என்கிறோம். அதைப் பார்த்தால் நம் கைலாசநாதரின் ஜாடை தெரியும். நினைத்தபோதெல்லாம் வர முடியாத ஊரை வீட்டு வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். உன் தாத்தா கிராஃப் தாளில் செய்ததும் ஏறக்குறைய அதுதானே.

ஏக்கத்துக்கு நாள் குறித்து வைத்த இடமும் காஞ்சியிலேயே இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோவிலின் அத்தி வரதர் 40 வருடத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்து 48 நாள் காட்சி தருகிறார். 1979-இல் ஆயா பார்த்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாள். 2019-இல் நான் வரிசையில் அரை நாள் நின்று அரை நிமிடம் பார்த்தேன். அடுத்தது 2059. உனக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போன வெளியூர்ப் பையன் ஒருவன் எப்போதாவது போன் செய்வான். இத்தனை கோபுரம் உள்ள ஊரில் அவன் கேட்பது குடலை இட்லியை. மிளகு, சீரகம், சுக்கு போட்டு மூங்கில் குடலையில் வேகவைப்பார்களே, அந்த வாசனையைத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் ஏதோ ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

தாத்தாவின் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அன்று பொழுது சாய்ந்துவிட்டது. சிங்கத்தின் வால் இருந்த பக்கம் இருட்டிவிட்டது. “நாளைக்கு வந்து பாத்துக்கலாம்” என்றார். ஆர்டருக்கு அவசரம், வாலைக் குத்துமதிப்பாக நெய்து கொடுத்துவிட்டார். பிறகு எத்தனையோ முறை அந்தக் கோவிலுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் கண் வேறொன்றில் மாட்டிக்கொள்ளும், வாலை மறந்துவிட்டுத் திரும்பி வருவார். தாளில் அந்த இடத்தில் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

பொங்கல் விடுமுறைக்கு வா. எந்தத் தூண் என்று எனக்கே சரியாக நினைவில்லை. முகம் கரைந்த சிங்கங்கள் எல்லாம் ஒரே சாயல், தேட வேண்டியிருக்கும். பென்சில் கொண்டு வா. அத்தைக்கு இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு முதலில் வீட்டுக்கு வா.

உன் மாமா