எல்லா மாடும் ஒன்றல்ல

கேள்வி: ஸ்காட்லாந்து மாடுகளிடையே ஈ.கோலை ஓ157 கிருமி பரவுவதில் 80 சதவீதத்துக்கு, 20 சதவீத மாடுகளே காரணம் என்று 2006இல் கணக்கிட்டார்களாமே? எந்த மாடு எதற்குக் கொடுத்தது என்று யாரும் பார்க்கவில்லையே, பிறகு எப்படி?

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள்! பார்க்கவும் முடியாது. மனிதருக்கு இரத்த வயிற்றுப்போக்கையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தரும் இந்தக் கிருமி, மாட்டை ஒன்றும் செய்வதில்லை. அது பாட்டுக்கு அசைபோட்டபடி சாணத்தோடு கிருமியைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

எத்தனை மாடுகளில் கிருமி இருக்கிறது என்று எண்ணினால் பரவலும் பிடிபட்டுவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். பிடிபடாது. தொற்றிய ஒரு மாடு சராசரியாக எத்தனைக்குக் கொடுக்கிறது என்பது ‘அடிப்படைப் பெருக்க எண்’. 1ஐத் தாண்டினால் தொற்று நிலைக்கும். ஆனால் சராசரி ஆளை ஏமாற்றும். அந்த எண் 1.5 என்று வையுங்கள்: பத்து மாடுகள் பதினைந்துக்குக் கொடுக்கின்றன. தலைக்கு ஒன்றிரண்டாகவும் கொடுக்கலாம். இரண்டு மாடுகள் மட்டும் பன்னிரண்டுக்கும், மீதி எட்டும் சேர்ந்து மூன்றுக்கும் கொடுக்கலாம்.

முதல் வகையில், கிருமி நுழைந்த பண்ணைகள் பலவற்றில் ஓரளவு பரவியிருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் நுழைந்த சுவடே தெரியாமல் அணைந்துபோகும். அதிகம் கொடுக்கும் அந்த இரண்டு மாடுகளில் ஒன்றுக்குத் தொற்றினால்தான் கொட்டகை முழுக்கப் பரவும். ஸ்காட்லாந்தில் நூற்றுக்கணக்கான பண்ணைகளில் புதுச் சாணம் எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை; சிலவற்றில் எக்கச்சக்கம். எல்லா மாடும் சமம் என்று வைத்த கணித மாதிரி, அதாவது பரவலைச் சமன்பாடுகளால் நடத்திப் பார்க்கும் ஏற்பாடு, இதற்குப் பொருந்தவில்லை. ஏற்றத்தாழ்வைச் சேர்த்ததும் பொருந்திற்று. எவ்வளவு சேர்த்தால் பொருந்துகிறது என்பதிலிருந்து வந்ததுதான் உங்கள் 80–20.

அந்தச் சில மாடுகளுக்கு ‘சூப்பர் ஷெட்டர்’ என்று பெயர்: ஒரு கிராம் சாணத்தில் 10,000 கிருமிக்கு மேல் தள்ளுபவை. மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரில் கிருமி குடியேறிவிட்ட மாடுகளே பெரும்பாலும் இப்படி ஆகின்றன.

‘அவற்றைக் கழித்துக்கட்டிவிடலாமே’ என்பீர்கள். பயனில்லை: இன்று ஏராளமாகத் தள்ளும் மாடு சில வாரங்களில் ஓய்ந்துவிடும், வேறொன்று தொடங்கும். ஆகவே எந்த மாடும் அப்படி ஆகாமல் தடுப்பதே வழி. அதற்கான தடுப்பூசியை எடைபோடும்போது, எத்தனை மாடுகளுக்குத் தொற்றவில்லை என்பதோடு, தொற்றிய மாட்டின் சாணத்தில் கிருமி எவ்வளவு குறைந்தது என்பதையும் பார்க்கிறார்கள்.