வளர்ச்சியை நிறுத்திப் பிழைக்கும் பயிர்

பயிர் வாடினாலோ மஞ்சளடித்தாலோ உரக்கடைக்குப் போய் "ஏதாவது டானிக் கொடுங்க" என்று கேட்கும் வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. கடைக்காரர் எடுத்து வைப்பவற்றில் வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கும். அவற்றைப் பற்றி வயல்வெளியில் உலவும் சில எண்ணங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும். தவறினால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

நம்பிக்கை: ஹார்மோன் என்றால் பயிரை வளர்த்துவிடும் மருந்து.

ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் மூன்றும் வளர்ச்சியோடு தொடர்புடையவைதான். ஆனால் வறட்சி வந்தால் முன்னுக்கு வருவது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் இதன் அளவு ஏறுகிறது. இலைத்துளை ஒவ்வொன்றின் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள் உண்டு. அப்சிசிக் அமிலம் எட்டியதும் அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேறும்; அதன் பின்னாலேயே நீரும் வெளியேறும். செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இலை வழியே நீர் போவது குறையும். கரியமில வாயு உள்ளே வருவதும் குறையும். ஆகவே பயிர் வளராமல் நிற்கும். இது பயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. சத்துக்குறை என்று நினைத்து ஈரமில்லாத மண்ணில் யூரியாவை வீசினால் பணம்தான் போகும்.

நம்பிக்கை: நெல் தண்ணீரில் நிற்கிற பயிர், மூழ்கினாலும் தாங்கும்.

வேர் தண்ணீரில் நிற்பது வேறு, குருத்து வரை மூழ்குவது வேறு. சாதாரண ரகங்கள் முழுக்க மூழ்கினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது கடினம். இங்கே முக்கியப் பாத்திரம் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு. காற்றோடு ஒப்பிட்டால் நீரில் வாயு பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்; அதனால் மூழ்கிய செடியில் உருவாகும் எத்திலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்கிறது. அது ஜிப்ரலினின் வேலையைத் தூண்ட, பயிர் தண்ணீருக்கு மேல் தலைநீட்டப் பார்க்கிறது. சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துபோகிறது. தண்ணீர் வடிந்ததும் நெட்டையாக வளர்ந்த பயிர் சாய்ந்து அழுகுகிறது.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல் இப்படி அவசரப்படுவதில்லை. அதிலுள்ள சப்1ஏ மரபணுவும் எத்திலீனால்தான் விழிக்கிறது. ஆனால் ஜிப்ரலினின் வேலையை அடக்கிவிடுகிறது. பயிர் நீளாமல், சத்தைச் செலவழிக்காமல் காத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கிறது. 2006-இல் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. இதை ஏற்றிய ஸ்வர்ணா சப்1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியானது. இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் சம்பா மூழ்கும் காவிரி டெல்டாவுக்கென சி.ஆர்.1009 சப்1 ரகமும் வந்திருக்கிறது. மழைக்குப் பிறகு டானிக் தேடுவதைவிட, விதை வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குவது மேல்.

வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல் இதற்கு நேர்மாறு. வெள்ளம் அங்கே மாதக்கணக்கில் நிற்கும், காத்திருந்தால் சாவுதான். அதே எத்திலீன் அந்த நெல்லை ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீள வைக்கிறது. ஹார்மோன் ஒன்றே, பயிரின் மரபணுக்கள்தான் வேறு.

நம்பிக்கை: கொஞ்சம் கூடுதலாக அடித்தால் பலனும் கூடும்.

மிக ஆபத்தான எண்ணம் இதுதான். களைக்கொல்லியாக விற்கும் 2,4-டி ஒரு செயற்கை ஆக்சின். ஆக்சின் அளவு மீறினால் செடியின் வளர்ச்சி கட்டுக்குலைந்து, தண்டு முறுக்கி, செடி செத்துப்போகும். பருத்தி இதற்குப் படு மென்மையான பயிர். பக்கத்து வயலில் 2,4-டி அடிக்கும்போது காற்றில் வந்த சாரல் பட்டாலே அதன் இலைகள் விரல்போலக் குறுகி, நரம்புகள் நெருங்கிப் போய்விடும்.

உளுந்தில் பூ உதிர்வைக் குறைக்கப் பரிந்துரைக்கப்படும் என்.ஏ.ஏ.-வும் ஆக்சின்தான். அதன் அளவு லிட்டருக்கு 40 மில்லிகிராம், பூக்கும் முன் ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. மூடியில் கண்ணளவாக ஊற்றுவது இதற்கு ஒத்துவராது. 2,4-டி அடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டுப் பருத்திக்குக் கொண்டுபோவதையும் நிறுத்த வேண்டும். களைக்கொல்லிக்கென்று ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.